ஹெராயினும் கோகைனும் சேர்ந்திருக்கும்போது: எந்த மருந்தை முதலில் தொடங்குவது?

ஹெராயினையோ அதன் குடும்பத்தைச் சேர்ந்த வலிநிவாரணி மாத்திரைகளையோ கோகைனோடு சேர்த்துப் பயன்படுத்திப் பழகிவிட்ட ஒருவர் சிகிச்சைக்கு வரும்போது, மருத்துவரும் நோயாளியும் குடும்பத்தாரும் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. ஓபியாய்டு, அதாவது அபின் வகைப் பொருள்களின் சார்புநிலைக்கு எந்த மருந்தைத் தொடங்குவது என்பது முதலாவது. கோகைனுக்கு என்ன செய்வது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அறுபது ஆண்டு ஆய்வு மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் என்று மூன்று மருந்துகளைக் கையில் தந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் வழக்கமாக ஒரு தவறைச் செய்கிறார்கள். “கோகைனையும் நிறுத்திவிட்டு வரட்டும், பிறகு மருந்து தரலாம்” என்று, பலன் உறுதியாகத் தெரிந்த சிகிச்சையை, பலன் தெரியாத ஒன்றுக்காகக் காத்திருக்க வைத்துவிடுகிறார்கள்.

ஏற்றத்தாழ்வுக்கான காரணம் மூளையின் வேதியியலில் இருக்கிறது. அபின், மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், தமிழ்நாட்டுக் காவல்துறையின் பறிமுதல் செய்திகளில் இப்போது அடிக்கடி தலைகாட்டும் டேப்பென்டடால் ஆகிய எல்லாமே நரம்பணுக்களின் மேலுள்ள ‘மியூ’ என்னும் ஏற்பியின் வழியாகத்தான் முதன்மையாக வேலை செய்கின்றன. எனவே அந்த ஏற்பியில் மெதுவாகவும் நீண்ட நேரமும் தங்கும் வேறொரு மருந்தை அமர்த்திவிட்டால், ஏக்கமும், போதைப்பொருளை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகளும் அடங்கிவிடுகின்றன. அதன்மேல் ஹெராயினை ஏற்றிக்கொண்டாலும் பழைய போதை வருவதில்லை. கோகைனின் வழி வேறு. நரம்பணுக்கள் தாங்கள் வெளியிட்ட டோப்பமின் என்னும் வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் கடத்திகளை அது அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகும் நேரம், ஏறத்தாழ ஒரு மணிதான். அந்த அடைப்பை மட்டும் தடுத்து, பசிக்கும் உழைப்புக்கும் மகிழ்ச்சிக்கும் தேவையான டோப்பமின் ஓட்டத்தைத் தொடாமல் விட்டுவிடும் ஒரு மூலக்கூறு இன்னும் மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை.

மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன், மருந்தே இல்லாத வழியைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் விரும்பிக் கேட்பது அதைத்தான். பத்துப் பதினைந்து நாள் மருத்துவமனையில் வைத்து உடலிலிருந்து போதையை இறக்கிவிட்டால் போதும், மன உறுதியும் ஆலோசனையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பது அந்த எதிர்பார்ப்பு. 2003-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்று இதற்கு நேரான விடையைத் தந்தது. ஹெராயின் சார்புடைய 40 பேரில் பாதிப் பேருக்கு நாள்தோறும் 16 மில்லிகிராம் புப்ரெனார்ஃபின் ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டது. மற்ற 20 பேருக்கு அதே மருந்தை ஆறு நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அதன்பின் வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. ஆலோசனையும் குழு அமர்வுகளும் சிறுநீர்ப் பரிசோதனையும் இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரிதான். ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் நான்கில் மூவர் சிகிச்சையில் இருந்தார்கள். வெற்று மாத்திரைப் பிரிவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த 20 பேரில் நால்வர் இறந்துபோயிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் ஆலோசனைக்குக் குறையேதும் இல்லை என்பதை நினைவில் வைத்தால், “முதலில் மருந்தில்லாமல் முயன்று பார்ப்போம்” என்னும் யோசனைக்கு என்ன விலை என்பது புரியும். உடலின் தாங்குதிறன் போதைநீக்கத்தின்போது இறங்கிவிடுகிறது; வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்துக்கொள்ளும்போது மூச்சு நின்றுவிடுகிறது. ஆகவே போதைநீக்கம் என்பது தன்னளவில் ஒரு சிகிச்சையாக இந்த ஒப்பீட்டில் இடம்பெறத் தகுதியற்றது என்பதே என் கருத்து.

இனி மூன்று மருந்துகள். மெத்தடோனே மூத்தது. 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் வலிநீக்கியாக உருவாக்கப்பட்ட அதை, 1964-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், அவர்களோடு இளம் மருத்துவராகச் சேர்ந்த மேரி ஜீன் கிரீக் ஆகியோர் ஹெராயின் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மார்ஃபின் கொடுத்தபோது அடுத்த ஊசி எப்போது என்று கேட்டுக்கொண்டே நாளைக் கழித்தவர்கள், மெத்தடோனுக்கு மாறியதும் படம் வரையவும் விட்ட படிப்பைத் தொடரவும் விரும்பியதை டோல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களது அறிக்கை 1965-ல் வெளியானது. ஓபியாய்டு சார்புநிலை என்பது ஒழுக்கக்கேடு அல்ல, நெடுங்கால மருந்து தேவைப்படும் உடற்கோளாறு என்ற பார்வை மருத்துவ உலகில் காலூன்றியது அதன் பிறகுதான்.

மெத்தடோன் மியூ ஏற்பியை முழுமையாக இயக்குகிறது. ஆகவே எவ்வளவு கடுமையான சார்பாக இருந்தாலும் அளவைக் கூட்டி ஏக்கத்தைக் கட்டுப்படுத்த முடியும். பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. அதன் வலிமையும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒருமுறை குடித்த மருந்தில் ஏறக்குறைய பாதி மறுநாளும் உடலில் இருக்கும், ஆளுக்கு ஆள் இந்தக் கணக்கு பெரிதும் மாறும். முதல் நாள் கொடுத்த 30 மில்லிகிராம் போதவில்லை என்று நோயாளி சொல்வதைக் கேட்டு மறுநாளே அளவைக் கூட்டினால், நான்காவது ஐந்தாவது நாளில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடக்கூடும். 2017-ல் ‘பி.எம்.ஜே.’ இதழில் வந்த தொகுப்பாய்வு, மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11.3 இறப்புகளும் சிகிச்சையை விட்ட காலத்தில் 36.1 இறப்புகளும் நிகழ்ந்ததாகக் காட்டியது. இந்த மருந்தின் உயிர்காக்கும் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே ஆய்வு, தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் மெத்தடோன் நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதையும் காட்டியது.

கோகைனும் சேர்ந்திருக்கும் நோயாளிக்கு மெத்தடோனில் இன்னொரு கவலை உண்டு. இதயத்தின் மின்னோட்டச் சுழற்சியில் ‘கியூ.டி.’ எனப்படும் இடைவெளியை மெத்தடோன் நீட்டுகிறது, கோகைனும் நீட்டுகிறது. இரண்டும் சேரும்போது இதயத்துடிப்பு திடீரென்று ஒழுங்கு குலையும் வாய்ப்பு கூடுகிறது. இதற்காக மெத்தடோனையே தவிர்க்க வேண்டியதில்லை, ஆனால் தொடங்கும் முன்பும் அளவு உயர்ந்த பின்பும் ஓர் இசிஜி எடுத்துப் பார்க்காமல் விடுவது கவனக்குறைவு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் சரிந்து விலகல் அறிகுறிகள் வந்துவிடும் என்பதை, காசநோய் மிகுந்த நம் நாட்டில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மெத்தடோனின் உண்மையான சுமை மருந்தைவிட அதன் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் இதை உரிமம் பெற்ற தனி மையங்களில்தான் பெற முடியும். காலையில் வரிசையில் நின்று, சன்னலுக்கு அப்பாலிருக்கும் செவிலியர் அளந்து ஊற்றும் பாகைக் குடித்து, மேலே கொஞ்சம் தண்ணீரும் குடித்து, விழுங்கிவிட்டதைக் காட்ட இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும். மறுநாளும் அதேதான். 2020-ல் பெருந்தொற்றை முன்னிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் அளவைத் தளர்த்தினார்கள். 2024-ல் அதை நிலையான விதியாக்கினார்கள். வேலைக்குப் போகிறவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் இந்தத் தளர்வு எவ்வளவு பெரியது என்பதை வரிசையில் நின்றவர்களே சொல்ல முடியும்.

இரண்டாவது மருந்து புப்ரெனார்ஃபின். இங்கிலாந்தின் ஹல் நகரில் ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1966-ல் உருவானது. மியூ ஏற்பியில் இது மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, ஆனால் அதைப் பாதி அளவுக்குத்தான் இயக்குகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு பெரிதாகக் கூடுவதில்லை. இந்த உச்சவரம்புதான் இதை மெத்தடோனைவிடப் பாதுகாப்பானதாக ஆக்குகிறது. ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. மது, அல்ப்ரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் ஆகியவற்றோடு சேர்ந்தால் அந்த வரம்பு காப்பாற்றாது.

இந்தியாவில் இந்த மருந்து கொடுக்கப்படும் விதம் கவனிக்கத்தக்கது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் உதவியோடு நடக்கும் மாற்று மருந்து மையங்களில், ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்களுக்குச் செவிலியர் மாத்திரையைப் பொடித்துத் தருகிறார். முழு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய்க் கரைத்து ஊசியில் ஏற்றுவதோ விற்பதோ நடக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பொடியை நாக்குக்கு அடியில் இட்டு, எச்சிலை விழுங்காமல், பேசாமல் சில நிமிடங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். கரைந்த பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டு எழுந்து போகலாம். இதே திருட்டு ஊசிப் பயன்பாட்டைத் தடுக்கத்தான், நான்கு பங்கு புப்ரெனார்ஃபினோடு ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்ஸோன் ஒரு பங்கு சேர்த்த கூட்டு மாத்திரையும் வந்தது. நாக்கடியில் கரைத்தால் நாலாக்ஸோன் ஏறக்குறைய வேலை செய்யாது. ஊசியில் ஏற்றினால் விலகல் அறிகுறிகளைக் கிளப்பிவிடும்.

இதன் இடர்ப்பாடு தொடங்கும் நாளில் இருக்கிறது. ஹெராயின் இன்னும் ஏற்பிகளில் அமர்ந்திருக்கும்போது புப்ரெனார்ஃபினைக் கொடுத்தால், அது ஹெராயினைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. முழு இயக்கம் சட்டென்று பாதியாகிவிட, விரைவிலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் உடல் முறிப்பும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. இப்படி ஒருமுறை பட்டவர் அந்த மாத்திரையின் பக்கமே திரும்ப மாட்டார். எனவே மருத்துவர் காத்திருக்கிறார். நாடித்துடிப்பு, வியர்வை, இருப்புக்கொள்ளாமை, விரிந்த கண்பாவை, மூக்கொழுகல், கொட்டாவி, தோலில் மயிர்க்கூச்செறிதல் என்று 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, விலகல் நிலை நன்றாகத் தலைதூக்கிய பிறகே முதல் மாத்திரையைத் தருகிறார். கொழுப்பில் தங்கிக் கசியும் ஃபென்டனில் பரவிய இடங்களில் இந்தக் காத்திருப்பு நீளமாகிறது. அங்கெல்லாம் மிகச் சிறு அளவில் தொடங்கி, பழைய போதைப்பொருளை நிறுத்தாமலே நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போகும் முறை பயன்படுகிறது. 2016-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் விவரித்ததால் இதற்குப் பெர்ன் முறை என்று பெயர்.

புப்ரெனார்ஃபினின் பெரிய நன்மையைத் தனிமனித அளவில் பார்ப்பதைவிட நாட்டளவில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பிரான்ஸ் 1995-ல் அதை அனுமதித்து, தனிச் சான்றிதழ் எதுவுமின்றிச் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே எழுதிக்கொடுக்க வழிவிட்டது. 1999-க்குள் மட்டுமீறிய அளவினால் நேர்ந்த இறப்புகள் 79 சதவீதம் குறைந்தன. அமெரிக்கா 2002-ல் அனுமதித்தபோது மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால்தான் அதை நீக்கியது. பஞ்சாப் மாநிலம் 2017-ல் தொடங்கிய புறநோயாளி மையங்களும் இதே மருந்தைத்தான் நம்பியிருக்கின்றன.

மெத்தடோனா, புப்ரெனார்ஃபினா என்று நேருக்கு நேர் வைத்தால், சிகிச்சையில் தங்க வைப்பதில் மெத்தடோனே பெரும்பாலும் ஒரு படி மேலே நிற்கிறது. புப்ரெனார்ஃபினைப் போதிய அளவில் கொடுக்கும்போது அந்த இடைவெளி சுருங்குகிறது. இறப்பு அபாயம் தொடக்க வாரங்களில் மெத்தடோனுக்குக் கூடுதல். தேவை மிகக் கடுமையாக இருப்பவருக்கும், புப்ரெனார்ஃபினில் முயன்று தோற்றவருக்கும் மெத்தடோன். இதயக் கோளாறு உடையவருக்கும், தினமும் மையத்துக்கு வர இயலாதவருக்கும் புப்ரெனார்ஃபின் என்று பிரித்துக்கொள்வது நியாயமானது. இந்தியாவில் இந்தத் தேர்வை இடமே செய்துவிடுகிறது: மெத்தடோன் 2012 வாக்கில்தான் சோதனை முறையில் சில இடங்களில் தொடங்கியது, 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி அதை இன்றியமையாப் போதைமருந்துகளில் ஒன்றாக அறிவித்த பிறகும், பெரும்பாலான ஊர்களில் நோயாளிக்குக் கிடைப்பது புப்ரெனார்ஃபின் மட்டுமே.

மூன்றாவது, நால்ட்ரெக்ஸோன். குடும்பத்தார் கேட்டவுடன் விரும்புவது இதைத்தான், ஏனென்றால் இது போதையே தராத மருந்து. ஏற்பியைப் பூட்டிவிடுகிறது, இயக்குவதில்லை. 50 மில்லிகிராம் மாத்திரையாக 1984-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒருமுறை போடும் 380 மில்லிகிராம் ஊசிக்கு ஓபியாய்டு சார்புநிலைக்காக 2010-ல் அனுமதி கிடைத்தது. மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடுக்காமல் விட்டால் ஒன்றும் நேராது என்பதால் பெரும்பாலோர் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஊசியின் கதை சற்று நுட்பமானது. 2018-ல் ‘லான்செட்’ வெளியிட்ட அமெரிக்க ஆய்வு 570 பேரைப் பிரித்து ஒரு பாதிக்கு நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் மறுபாதிக்குப் புப்ரெனார்ஃபின்-நாலாக்ஸோனையும் கொடுக்க முயன்றது. ‘முயன்றது’ என்னும் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நால்ட்ரெக்ஸோனைத் தொடங்க வேண்டுமென்றால் ஏழு முதல் பத்து நாட்கள் ஓபியாய்டு எதுவும் இல்லாமல் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டி முதல் ஊசி வரை வந்தவர்கள் 72 சதவீதம்தான், மறுபக்கம் 94 சதவீதம். பிரிக்கப்பட்ட எல்லாரையும் கணக்கில் எடுத்தால், 24 வாரங்களில் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பியவர்கள் நால்ட்ரெக்ஸோனில் 65 சதவீதம், புப்ரெனார்ஃபினில் 57 சதவீதம். தொடங்கியவர்களை மட்டும் எடுத்தால் 52-ம் 56-ம். வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

இரண்டாவது கணக்கை மட்டும் காட்டி “இரண்டும் சமம்” என்று விற்பவர்கள் உண்டு. நோயாளி இன்னும் வாசலில்தான் நிற்கிறார், தொடங்குவாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அவருக்காக முடிவெடுப்பவர் முதல் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 2020-ல் 40,885 அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ பெற்றவர்களுக்கு மட்டுமே மட்டுமீறிய அளவின் ஆபத்து மூன்று மாதங்களில் 76 சதவீதமும் ஓராண்டில் 59 சதவீதமும் குறைந்திருந்தது; நால்ட்ரெக்ஸோனுக்கு அப்படியொரு பாதுகாப்பு தெரியவில்லை. எனவே ஏற்கெனவே சிறையிலோ மருத்துவமனையிலோ இருந்து, ஓபியாய்டு உடலில் இல்லாமல் வெளிவரும், மாற்று மருந்தை உறுதியாக மறுக்கும் ஒருவருக்கு மட்டுமே இதை முதல் தேர்வாகச் சொல்வேன். மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் சட்டம் தடுத்திருக்கும் ரஷ்யாவில் இது கிடைக்கும் ஒரே தேர்வு. அங்கே இதை ஒப்பிட எதிரில் எதுவும் இல்லை.

இனி கோகைன். 1884-ல் வியன்னாவில் இளம் மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு, மார்ஃபின் பழக்கத்தில் சிக்கியிருந்த தன் நண்பர் எர்ன்ஸ்ட் ஃபிளைஷ்லுக்கு அதிலிருந்து மீளக் கோகைனைக் கொடுத்தார். ஃபிளைஷ்ல் மார்ஃபினிலிருந்து மீளவில்லை, கோகைனுக்கும் அடிமையாகி, 1891-ல் இறந்தார். இரண்டு பொருள்களும் சேர்ந்த நோயாளி என்பவர் நம் காலத்தின் கண்டுபிடிப்பு அல்ல. மருத்துவமே உருவாக்கிய முதல் நோயாளிகளில் ஒருவர் அவர்.

அதன்பின் சோதிக்கப்பட்ட மருந்துகளின் பட்டியல் நீளமானது. பெரும்பாலானவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். மதுப்பழக்கத்துக்குத் தரும் டைசல்ஃபிரம், டோப்பமினை நார்அட்ரினலினாக மாற்றும் நொதியைத் தடுப்பதால் கோகைனின் இன்பத்தைக் கெடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அது இரத்தத்தில் கோகைன் அளவையும் உயர்த்துகிறது, கல்லீரலையும் தாக்குகிறது. மஞ்சள்காமாலைக் கிருமி ஏற்கெனவே இருக்கும் ஊசிப் பயன்பாட்டாளருக்கு இது நல்ல தேர்வு அல்ல. மோடஃபினில் 2005-ல் 62 பேரிடம் நம்பிக்கை தந்தது, பின்வந்த பெரிய ஆய்வுகளில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. வலிப்பு மருந்தான டோப்பிரமேட் கோகைன் மட்டும் எடுப்பவர்களிடம் சிறிது பலன் காட்டியது. மெத்தடோனில் இருந்தவர்களிடம் சோதித்தபோது காட்டவில்லை. மனச்சோர்வு மருந்துகள் மனச்சோர்வுக்கு உதவலாம், கோகைனுக்கு அல்ல.

நின்று பார்க்க வேண்டியது, கோகைனுக்கும் மெத்தடோனைப் போன்ற ஓர் ஈடு உண்டா என்ற கேள்வி. நெதர்லாந்தில், மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயினும் மெத்தடோனும் பெற்றுவந்தும் கோகைனை விட முடியாத 73 பேருக்கு, டெக்ஸாம்ஃபெட்டமின் என்னும், மெதுவாகக் கரையும் ஊக்கி மருந்து 60 மில்லிகிராமோ வெற்று மாத்திரையோ 12 வாரங்கள் கொடுக்கப்பட்டது. 2016-ல் வெளியான அந்த ஆய்வில், கோகைன் எடுத்த நாட்கள் மருந்துப் பிரிவில் சராசரி 44.9, வெற்று மாத்திரைப் பிரிவில் 60.6. பதினைந்து நாட்களுக்கு மேல் மிச்சம். இவர்கள் எல்லாச் சிகிச்சையும் பார்த்துத் தோற்றவர்கள் என்பதால் இந்த எண்ணைச் சிறிதென்று ஒதுக்க முடியாது. மிச்சமுள்ள 45 நாட்களில் கோகைன் தொடர்ந்தது என்பதையும் மறைக்க முடியாது. அமெரிக்காவில் கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறும் சேர்ந்திருந்த 126 பேரிடம் நடந்த 2015 ஆய்வில், ஆம்ஃபெட்டமின் உப்புக் கலவை 80 மில்லிகிராம் பெற்றவர்களில் 30.2 சதவீதமும், 60 மில்லிகிராம் பெற்றவர்களில் 17.5 சதவீதமும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 7 சதவீதமும் கடைசி மூன்று வாரங்களில் கோகைனைத் தொடவில்லை. இந்த இணைக்கோளாறு உள்ளவரை இனம்கண்டு, இரத்த அழுத்தத்தைக் கண்காணித்துக்கொண்டு இதைத் தரும் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் இதை எழுதிக்கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் முயற்சியும் நடந்தது. கோகைன் சார்போடு ஓபியாய்டு பழக்கமும் இருந்த 302 பேருக்கு நால்ட்ரெக்ஸோன் ஊசியைப் போட்டு மியூ ஏற்பியை மூடிவிட்டு, அதன்மேல் புப்ரெனார்ஃபின் கொடுத்து, அதன் இன்னொரு ஏற்பி வழி விளைவு கோகைன் ஏக்கத்தைக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவில் முதன்மை அளவுகோலில் வேறுபாடு இல்லை. 16 மில்லிகிராம் பிரிவின் சிறுநீர்ப் பரிசோதனைகளில் மட்டும் ஒரு மெல்லிய அறிகுறி. இதை வைத்து யாரும் சிகிச்சையைத் திட்டமிடக் கூடாது, ஆய்வைத் தொடரலாம்.

தடுப்பூசி மக்கள் மனத்தை அதிகம் ஈர்க்கிறது. கோகைன் மூலக்கூறை ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்துச் செலுத்தினால், உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, இரத்தத்திலேயே கோகைனைப் பிடித்து மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் என்பது கருத்து. 2009-ல் மெத்தடோன் பெற்றுவந்த 115 பேரிடம் சோதித்தபோது, தடுப்பூசி பெற்றவர்களில் 38 சதவீதத்தினரிடம்தான் போதிய எதிர்ப்பொருள் உருவாகியது, அதுவும் இரண்டு மாத அளவே நிலைத்தது. 300 பேரிடம் நடந்து 2014-ல் வெளிவந்த அடுத்த ஆய்வில் ஒட்டுமொத்தப் பலன் இல்லை. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் உருவாக்கி, 2023-ல் பரிசு பெற்றுப் பேசப்பட்ட ‘காலிக்ஸ்கோகா’ தடுப்பூசி அப்போது விலங்குச் சோதனைகளையே முடித்திருந்தது. இன்று கிளினிக்கில் காத்திருப்பவருக்கு இதைச் சொல்லி நம்பிக்கை கொடுப்பது முறையல்ல.

ஆக, கோகைனுக்கு இன்று கையிலிருக்கும் சிறந்த வழி மாத்திரை அல்ல. சிறுநீரில் கோகைன் இல்லையென்றால் அன்றைக்கே ஒரு பரிசுச் சீட்டு. தொடர்ந்து இல்லையென்றால் அதன் மதிப்பு கூடும். ஒருமுறை தவறினால் தொடக்க மதிப்புக்கே இறங்கும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மெத்தடோன் நோயாளிகளிடம் 1990-களில் இதைச் சோதித்தபோது, சீட்டுப் பெற்றவர்களில் 47 சதவீதத்தினர் ஏழு முதல் பன்னிரண்டு வாரங்கள் தொடர்ந்து கோகைனின்றி இருந்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவில் இரண்டு வாரத்தைத் தாண்டியவர் ஒரே ஒருவர். “போதையை விடுவதற்குக் காசு கொடுப்பதா?” என்ற முகச்சுளிப்பு அமெரிக்காவிலும் இருந்தது. அதையும் மீறி முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் இதைச் செய்கின்றன. கலிஃபோர்னியா 2023-ல் ஆண்டுக்கு 599 டாலர் வரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு மாத்திரை இதில் பாதிப் பலனைக் காட்டியிருந்தாலும் அதன் விலையைப் பற்றி யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.

மீண்டும் முதல் முடிவுக்கே வருகிறேன், ஏனென்றால் இரண்டாவது முடிவு அதன்மேல் சாய்ந்திருக்கிறது. கோகைன் சில மாதங்களுக்காவது தொடரும் என்பதே நடைமுறை எதிர்பார்ப்பு. அமெரிக்கத் தெருக்களில் விற்கும் கோகைன் பொடியில் ஃபென்டனில் கலந்திருப்பது இப்போது அரிதல்ல. மெத்தடோன் எடுப்பவருக்கு ஓபியாய்டுத் தாங்குதிறன் உடலில் இருக்கிறது. போதிய அளவு புப்ரெனார்ஃபின் எடுப்பவருக்கு ஏற்பிகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன் ஊசியை ஒரு மாதம் தவறவிட்டவருக்கு இந்த இரண்டும் இல்லை; ஓபியாய்டை விட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையோடு அவர் எடுக்கும் கோகைனே அவரைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே கோகைன் தொடரும் நோயாளிக்கு, மற்றவை சமமாக இருந்தால், புப்ரெனார்ஃபினை 16 மில்லிகிராமுக்குக் குறையாத அளவில் தொடங்கி, அது போதாதபோது இசிஜி பார்த்து மெத்தடோனுக்கு மாற்றுவதையே நான் தேர்வேன். கோகைன் பயன்பாடு இந்த மருந்துகளின் இரத்த அளவைக் குறைப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருப்பதால், ஏக்கம் திரும்பி வந்தால் நோயாளியின் நேர்மையைச் சந்தேகிப்பதற்கு முன் அளவைச் சரிபார்க்க வேண்டும். சிறுநீரில் கோகைன் தெரிந்தது என்பதற்காக மெத்தடோனையோ புப்ரெனார்ஃபினையோ நிறுத்தும் மையங்கள் உண்டு; ‘பி.எம்.ஜே.’ ஆய்வின் 36.1 என்ற எண் அப்படி வெளியேற்றப்பட்டவர்களையும் உள்ளடக்கியதுதான். எந்த மருந்தைத் தேர்ந்தாலும், மூச்சு அடங்கும்போது கொடுக்கும் நாலாக்ஸோன் வீட்டில் இருக்க வேண்டும், அதை நோயாளியிடம் கொடுப்பதைவிட அவரோடு ஒரே வீட்டில் உறங்குபவரிடம் கொடுத்து, எப்படிப் போடுவது என்று செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.